புல்லில் வைக்க வேண்டியது

விழாது. ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் விழாது. நாலு ஐம்பது பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கதிரேசன் இதை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் பக்கத்தில் மடியில் முள்ளங்கிக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்ததிலிருந்து உதடு அசைந்துவிட்டது என்று தெரிந்தது. அசையட்டும். ஐம்பத்தாறு வயதில் பஸ்ஸில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் உரிமைகூட இல்லையென்றால் எப்படி. சட்டைப்பையில் போன் மறுபடி அதிர்ந்தது. காலையிலிருந்து அதற்கு ஓய்வில்லை. நீலமலை வானிலை நண்பர்கள் குழுவில் அறுநூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், இன்றிரவு தொட்டபெட்டா உச்சியில் பனி விழப்போகிறதாம், புல்லில் படியும் உறைபனி இல்லை, வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கும் நிஜப் பனி, சரித்திரத்தில் இல்லாதது, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நிரஞ்சன் ஏதோ அயல்நாட்டு வரைபடத்தில் நீலத்துக்குள் ஊதாப் புள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொன்னது. ஏழு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் மலைக்கு வந்துகொண்டே இருக்கிறான், கல்லாறில் ஒரு படம், பர்லியாறில் ஒரு படம், குன்னூரில் வர்க்கிப் பொட்டலத்தோடு ஒரு படம். நாளைய பேப்பரில் மினி காஷ்மீர் என்று போடுவார்கள். இந்த மலைக்கு இன்னொரு மலையின் பெயரை இரவல் வாங்கித்தான் தீரவேண்டுமா. மதியம் கதிரேசன் ஒரே வரி எழுதினார்: மேகம் குன்னூருக்கு மேலே ஏறாது, பனி விழாது, வானம் தெளிவாக இருக்கும், பள்ளங்களில் உறைபனி கடுமையாக இருக்கும், பயிர் வைத்திருப்பவர்கள் கவனம். அதற்கு நிரஞ்சன் போட்ட பதில்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கதிரேசன் அங்கிள் வராதுன்னு சொல்லிட்டார், அப்ப கண்டிப்பா வரும், ஸ்வெட்டர எடுத்து வைங்க மக்களே. அதற்குக் கீழே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள், எண்ணியும் பார்த்தார், நூற்றுப் பன்னிரண்டு. அந்தக் குழுவைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஐந்து பேரோடு தொடங்கியவர் அவர்.

பையனைக் குறை சொல்ல முடியாது. போன ஜனவரியில் உறைபனி வராது என்றுதான் சொன்னார், வந்தது. அதைப் பிறகு யோசிக்கலாம். இப்போது வானத்தைப் பார், என்று தன்னையே அதட்டினார். பஸ் ஏரிப்பக்கம் திரும்பியதும் மேற்கே ஒரு பொட்டு மேகம் இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தின் பின்கட்டில் அவர் வைத்திருக்கும் இரட்டைத் தெர்மாமீட்டரில், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், நாலு மணிக்கு உலர்ந்தது பதின்மூன்று, ஈரம் ஏழு. அந்த ஆறு டிகிரி இடைவெளிக்கு என்ன அர்த்தம் என்று வரைபடம் பார்க்கிறவனுக்குத் தெரியாது, காற்று எலும்பு வரை காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். உதட்டைத் தடவினால் தோல் உரிகிறது. கற்பூரத் தைல மரங்களின் இலைகளில் அசைவே இல்லை. ஈரமில்லை, மேகமில்லை, காற்றில்லை. போர்வை இல்லாமல் படுத்தவன் மாதிரி இந்த மலை ராத்திரி முழுக்கத் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கும், குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் தண்ணீர்போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தேங்கும் பள்ளங்களில் முதலாவது கூடல்ஹட்டி. அங்கே ஓடைக்குக் கீழே இரண்டு ஏக்கர் உருளைக்கிழங்கு, பூ விட்டு நிற்கிறது, மாதா கவுடருடையது. கவுடர் காலையில் ஆறு மணிக்கெல்லாம் போன் செய்தார். கூடல்ஹட்டிப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது, மேட்டுக்கு ஏறி வந்து பேசியதால் மூச்சு வாங்கியது. இன்று சாயங்காலம் ஊரே ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கிளம்புகிறது, கோயிலில் தங்கிவிட்டு நாளை மதியம்தான் திரும்புவார்கள், கூலிக்கு வருகிறவர்களுக்கும் லீவு, தோட்டத்தில் ஒரு குஞ்சுகூட இருக்காது, உறைபனி வருமென்றால் விடிவதற்குள் ஸ்பிரிங்க்ளர் போட்டு இலையைக் கழுவ ஆள் வேண்டும், வராதென்றால் நிம்மதியாகப் போகலாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "சார், நான் போகலாமா?" சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்கிறேன் என்றார் கதிரேசன். நாலு மணிக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான். நாலு மணிக் கணக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. சொல்வதற்கென்ன. பண்டிகையை விட்டுவிட்டு நில்லுங்கள் கவுடரே, வரும். ஐந்து வார்த்தை. அதைச் சொல்ல எந்த வாய் வேண்டும், போன வருஷம் வராது என்று சொன்ன அதே வாயா.

சரி, அதற்கே வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது, செக்குமாடு. போன குளிர்காலத்தில், நவம்பரில், வலது முழங்கால் வீங்கியது. தெர்மாமீட்டர் வீட்டுக்குப் பின்னால் புல்தரையில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், அவரே செய்த மரக்கவையில் இருந்தது. இருபத்து மூன்று வருஷமாக விடிகாலையில் டார்ச்சோடு போய் மண்டியிட்டுப் பார்ப்பார். மண்டியிட முடியவில்லை. மனைவி அமிர்தம்தான், எதுக்கு ஈரப்புல்லுல போய் விழுந்து எழறீங்க, ஜன்னலுக்கு வெளியே மாட்டிட்டா உள்ள நின்னே பாக்கலாமே என்றாள். அவள்மேல் என்ன தப்பு, கட்டியவன் முனகுவதைக் கேட்கச் சகிக்காமல் சொன்னாள். அவருக்குத் தெரியாதா. சுவரில் மாட்டக்கூடாது என்று பிளஸ் டூ பையன்களுக்கு வருஷா வருஷம் செய்து காட்டுகிறவருக்கு. கால் சரியாகும் வரை, ஒரு வாரம், என்று சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அந்தச் சுவரின் உள்பக்கம் வெந்நீர் அடுப்பு. ஒரு வாரம் ஒன்பது வாரமாயிற்று. ஜனவரியில் அந்த ராத்திரி தூங்கப்போகும் முன் பார்த்தார், ஆறு டிகிரி, இரவு உறைபனிக்கு வாய்ப்பில்லை என்று குழுவில் போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் அதே ஜன்னலில் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் தெர்மாமீட்டர், நாலு டிகிரி. அதற்குப் பின்னால் புல்தரை முழுக்க உப்பைக் கொட்டினாற்போல வெள்ளை. நாலு, வெள்ளை. நாலு, வெள்ளை. எத்தனை நிமிஷம் நின்றார். பிறகு செய்ததுதான், அதைத்தான் நெஞ்சு திரும்பத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது, எலியைக் கவ்விவந்து காலடியில் போடும் பூனை மாதிரி. அமிர்தம் எழுவதற்குள் செருப்பில்லாமல் வெளியே போய்த் தெர்மாமீட்டரைக் கழற்றினார், புல்லில் கொண்டுபோய் வைத்தார், கால்மணி நேரம் கழித்து மைனஸ் இரண்டு டிகிரி என்று நோட்டில் எழுதினார், சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தார். குழுவில் எதிர்பாராத உள்ளூர் மாற்றம் என்று போட்டார். எல்லோரும் நம்பினார்கள். நிரஞ்சன்கூட, இயற்கைதானே அங்கிள், மனச விடாதீங்க என்று ஆறுதல் சொன்னான். ஆறுதல்! அன்று மத்தியானம் கூடல்ஹட்டிக்குப் போனபோது உருளைச் செடிகள் கொதிக்கிற எண்ணெய் ஊற்றியதுபோலக் கறுத்துத் தலை தொங்கிக் கிடந்தன. வரப்பில் குத்தவைத்திருந்த கவுடர் எழுந்து, வாங்க சார், டீ குடிக்கலாம் என்றார். டீ குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

பஸ் நின்றுவிட்டது. முன்னால் வளைவில் காட்டெருமை, ஒன்றல்ல, நாலைந்து, குட்டியோடு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஹாரன் அடிக்கக்கூடாது, குட்டி இருக்கு, என்றார் யாரையும் பார்க்காமல். மணி ஐந்து இருபது. கூடல்ஹட்டிக்கு இன்னும் இருபது நிமிஷம், அதைத் தாண்டி அரைமணி அவர் வீடு. போன் அதிர்ந்தது, பார்க்காமல் இருந்திருக்கலாம். நிரஞ்சன் ஒரு படம் போட்டிருந்தான், கிழக்கே குன்னூர்ப் பக்கம் எழும்பியிருக்கும் மேகச் சுவர், அடியில், பார்ட்டி ஆரம்பம். கதிரேசன் போனைப் பையில் போட்டார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். இருந்தது. கிழக்கு முகட்டுக்கு மேலே பருத்திப் பொதிபோல ஒரு வரிசை. மதியம் அது இல்லை. மேகம் வந்தால் பனி விழுமோ விழாதோ, கீழே உறைபனி இருக்காது, அதுமட்டும் உறுதி, போர்வை போர்த்தினாற்போல ஆகிவிடும். அப்படியானால் கவுடரை நிற்கச் சொல்வது, அம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்திப் போகும்போது ஒரு மனிதரைத் தனியாகச் சேற்றில் நிறுத்திவைப்பது, எதற்காக. உன் கணக்குக்காக. உன் நூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் முகங்களுக்காக. நிஜத்தைச் சொல், உனக்கு எது வேண்டும்? உறைபனி வரவேண்டும். ஆமாம், மதியத்திலிருந்து அதுதான் வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் உச்சியில் விறைத்துப்போய் வெறும் நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும், இங்கே பள்ளமெல்லாம் வெளுக்க வேண்டும், அங்கிள் சொன்னது சரி என்று அறுநூற்று நாற்பது பேரும் எழுத வேண்டும். அதற்கு என்ன கருகவேண்டும்? கவுடரின் உருளை. ஒரு மனிதனின் பயிர் கருகினால்தான் நிமிரும் தலை. சீ. ஒன்பது வயதில் சிலோனிலிருந்து கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் சீட்டு வாங்கி, இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் வந்து விழுந்த முதல் டிசம்பரில், காலையில் வாசலெல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வெறுங்காலோடு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடிவந்து தூக்கினாள். கால் எரிந்தது. குளிர்ந்தது எப்படி எரியும், அதுதான் அவருக்கு முதல் கேள்வி, அதிலிருந்துதான் எல்லாம். அதைக் கேட்க ஆரம்பித்த பையன் தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டினான். ஆய்வக உதவியாளர் என்பதற்காக இயற்பியல் மாஸ்டர் சிரிப்பார், உதவியாளரே வானிலை அதிகாரி ஆயிட்டீங்க போலிருக்கே என்பார், அதெல்லாம் வலித்ததில்லை. இவர்களிடம் பட்டம் இருக்கலாம், வரைபடம் இருக்கலாம், புல்லில் மண்டியிட்ட முழங்கால் தன்னிடம்தான் இருக்கிறது என்ற ஒரு திமிர். அந்தத் திமிரையும் ஒன்பது வாரம் வெந்நீர் அடுப்பில் காயவைத்துவிட்டார்.

எஞ்சின் சத்தம் இல்லாததால் பள்ளத்தாக்கு காதுக்குக் கேட்டது. எதிர்ச் சரிவில் கோடாலி விறகில் விழுவது தெரிந்த பிறகே அதன் சத்தம் வந்து சேர்ந்தது. கீழே ஒரு வீட்டு ஓட்டின்மேல் அடுப்புப் புகை எழுந்தது. நாலாள் உயரம் நேரே போனது. அங்கே கண்ணாடிக் கூரை ஒன்றில் முட்டிக்கொண்டாற்போல நின்று, அப்படியே படுத்து, இரண்டு பக்கமும் தட்டையாகப் பரவியது. கதிரேசன் அதையே பார்த்தார். அடுத்த வீட்டுப் புகையும் அதே உயரத்தில் படுத்தது. மூன்றாவதும். குளிர் காற்று அதற்குள் கீழே தேங்க ஆரம்பித்துவிட்டது, மூடி போட்டுக்கொண்டது. மணி ஐந்தரை ஆகவில்லை. கிழக்கு மேகத்தை மறுபடி பார்த்தார், இந்தத் தடவை பயப்படாமல், தந்திக்கம்பி ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டு. ஒரு நிமிஷம். இரண்டு. ஐந்து. கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு விரல் வரவில்லை. மேல் விளிம்பு பிசிறடித்துக் கரைந்துகொண்டிருந்தது. காய்ந்த காற்று அதைத் தின்றுகொண்டிருக்கிறது. வராது. நான் விரும்புவதால் இல்லை, நிரஞ்சன் சிரித்ததால் இல்லை, புகை படுத்துவிட்டதால். இதைச் சொன்னால் எவன் நம்புவான்? போன வருஷம் தப்பாகச் சொன்னவர்தானே என்பான். போன வருஷம் வானம் தப்புச் செய்யவில்லை, கணக்கும் தப்புச் செய்யவில்லை. மாட்டிய இடம் தப்பு. அதைச் சொன்னால்தான் இதை நம்பலாம். அதைச் சொன்னால் போன குளிர்காலத்து ஒன்பது வாரக் கணக்கும் குப்பை, அதற்கு முந்தைய இருபத்திரண்டு வருஷத்தையும் சந்தேகிப்பார்கள். சந்தேகிக்கட்டும். போனை எடுத்து எழுதினார்: போன ஜனவரியில் நான் தெர்மாமீட்டரை என் வீட்டுச் சமையலறைச் சுவரில், வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். உள்ளூர் மாற்றம் என்று சொன்னது பொய். அதற்கு முந்தைய நவம்பர் முதல் அந்த நாள் வரை நான் கொடுத்த எல்லாவற்றையும் அடித்துவிடவும். இன்று எழுதியதை அடிக்க வேண்டாம். பனி விழாது. பள்ளங்களில் உறைபனி. அனுப்பினார். சிக்னல் இல்லை, ஒரு சின்னக் கடிகாரம் ஓரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. இப்போதுகூட அழிக்கலாம். காட்டெருமைகள் ஏதோ தங்கள் வேலை முடிந்ததுபோல ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கின. பஸ் கிளம்பியது. வளைவைத் தாண்டியதும் கடிகாரம் மறைந்து டிக் விழுந்தது. முள்ளங்கிக்காரப் பெண், என்ன சார், ஏதாச்சும் துக்க செய்தியா என்று கேட்டாள். ஆமாம், பழைய துக்கம், என்றார்.

கூடல்ஹட்டி நிறுத்தத்தில் இறங்கும்போது மணி ஐந்து ஐம்பது. ரோட்டோரம் இரண்டு லாரிகள் நின்றன, அவற்றைச் சுற்றி வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலைப்பாகை. பெண்கள் தோள்வரை வெள்ளை போர்த்திக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாதா கவுடர் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். காலில் செருப்பில்லை. கோயிலுக்கு லாரியில் போகப்போவதில்லை, பதினான்கு கிலோமீட்டரும் நடக்கப்போகிறார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். போன் பண்ணச் சொன்னா நேர்லயே வந்துட்டீங்களா என்று கவுடர் சிரித்தார். வரும் என்றார் கதிரேசன். கோயமுத்தூர்ப் பையன் மேகம் என்று சொல்கிறானாமே, வீட்டுப் பசங்க பனி பார்க்கக் குதிக்கிறாங்களே என்றார் கவுடர், எடுத்தெறிந்து பேசாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள. போன வருஷத்தை அவர் வாயாலேயே எடுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கதிரேசன் தானே எடுத்தார், நின்றபடியே, சுவர், ஆணி, அடுப்பு, காலையில் கழற்றிப் புல்லில் வைத்தது, நோட்டு, எதையும் விடாமல் சொன்னார். லாரியில் யாரோ தேங்காய் மூட்டையை ஏற்றினார்கள்.

கவுடர் அந்த மூட்டை ஏறி முடியும்வரை லாரியையே பார்த்தார். "எந்த அடுப்பு?" என்றார் பிறகு.

"வெந்நீர் அடுப்பு."

"போன வருஷம் பண்டிகைக்கு நான் போகல. எங்க அண்ணனோட பேச்சில்ல, அவர் முன்னால நிக்கறார்னு போகல. மறு வாரம் உருளை போச்சு. அம்மன் கோவம்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். அண்ணன் வீட்டுக்குப் போய் ஊர் பாக்கக் கால்ல விழுந்தேன்." தன் வெறுங்கால்களைப் பார்த்தார். "வெந்நீர் அடுப்புக்குல்ல விழுந்திருக்கேன்."

கதிரேசனுக்கு மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைக் கொடுத்து எதை வாங்குவது. டீயா. "நீங்க நடங்க கவுடரே," என்றார். "தோட்டத்துல நான் நிக்கறேன். விடியறதுக்குள்ள ஸ்பிரிங்க்ளர் போடறேன். வரலேன்னா நான்தான் நனைஞ்சிருப்பேன், உங்க பண்டிகை போகாது."

"உங்களுக்கு மோட்டார் போடத் தெரியுமா?"

"இருபத்தாறு வருஷமா ஆய்வகத்துல சுவிட்ச் போடறேன்."

"இது சுவிட்ச் இல்ல. டீசல். கயிறு சுத்தி இழுக்கணும்." இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்தார், உடனே நீட்டவில்லை, உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவர்போல நின்றார். லாரியில் அவரைக் கூப்பிட்டார்கள். "வால்வு மூணு இருக்கு. நடுவுல இருக்கறத முதல்ல திறந்துராதீங்க, குழாய் பிடுங்கிக்கும். மோட்டார் கொட்டகையில கம்பளி இருக்கு." சாவி கைமாறியது. நாலடி போய்த் திரும்பினார். "நாளைக்கு வந்து பாக்கறேன். பனி இருந்தாலும் பேச வேண்டியது இருக்கு. இல்லேன்னாலும் இருக்கு."

லாரிகள் போயின, நடப்பவர்கள் போனார்கள், வெள்ளை வரிசை வளைவில் ஒவ்வொன்றாக மறைந்தது. மேட்டில் நின்று அமிர்தத்துக்குப் போன் செய்தார். ராத்திரி வரமாட்டேன் என்றார். முழங்கால் என்னத்துக்காகும் என்று ஆரம்பித்தவள், அவர் குரலில் எதைக் கேட்டாளோ, சரி, மப்ளரை அவுக்காதீங்க என்று முடித்துக்கொண்டாள். குழுவில் நூற்றுக்கு மேல் பதில்கள் வந்து கிடந்தன, திறக்கவில்லை. திட்டட்டும், சிரிக்கட்டும், காறித் துப்பட்டும், அடித்துவிடவும் என்று அவர்தானே சொன்னார். ஒற்றையடிப் பாதையில் பக்கவாட்டில் கால் வைத்து, வலியைச் சரிவுக்குக் கொடுத்து இறங்கினார். ஓடைக்குக் கீழே உருளை இரண்டு ஏக்கரும் வெளிறிய ஊதாப் பூவோடு அசையாமல் நின்றது. கன்னத்தில் குளிர் ஈரத்துணிபோல ஒட்டியது. மேட்டில் இப்படி இல்லை. எப்போதும் தோள்பையில் வைத்திருக்கும் உதிரித் தெர்மாமீட்டரை எடுத்தார். வரப்பை விட்டு, மோட்டார் கொட்டகையின் சுவரை விட்டு, எல்லாச் சுவரையும் விட்டு விலகி, நடுப் புல்லில் மண்டியிட்டார், முழங்காலுக்குள் கல் உடைந்தது, உடையட்டும், ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு கவைக் குச்சி நட்டு அதன்மேல் வைத்தார். பத்து நிமிஷம் காத்திருந்தார். கிழக்கே மேகம் இல்லை. உச்சியில் எட்டுப் பேர் இந்நேரம் அண்ணாந்து நிற்பார்கள், பாவம், பையன் ஸ்வெட்டர் கொண்டுவந்திருப்பான். பூக்களைப் பார்த்தார். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார், தான் சொன்னது முழுக்கப் பொய்யாகட்டும், நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கட்டும், இந்தப் பூவில் ஒன்று கறுக்கக்கூடாது என்று, இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தன் கணக்குக்கு எதிராக மனதார வேண்டிக்கொண்டார். பிறகு நோட்டைத் திறந்து தொடையில் வைத்து, மாலை ஆறு இருபது, கூடல்ஹட்டி, புல்தரை, நாலு டிகிரி, காற்று இல்லை, வானம் தெளிவு, இரவில் உறைபனி உறுதி என்று எழுதி, அடியில் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.